மறதியை எந்த மொழியில் அளப்பது?

கும்பளங்கியில் நாள் கணக்குக்கு இரண்டு காலண்டர்கள் உண்டு. ஒன்று சுவரில் தொங்குவது. மற்றொன்று காயலில் ஏறி இறங்குவது. கொச்சி நகரின் தெற்கு விளிம்பில் நீர் சூழ்ந்து கிடக்கும் இந்த ஊராட்சியில் மழைக்காலத்தில் பொக்காளி நெல் விளைகிறது. அறுவடை முடிந்து உப்புநீர் ஏறியதும் அதே வயல் செம்மீன் கெட்டாக மாறுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மதகு வாயில் வலை கட்டி இறால் பிடிக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீரோட்டம் வலுக்கும் சில நாட்களே நல்ல பிடி கிடைக்கும் நாட்கள். அவற்றுக்குத் ‘தக்கம்’ என்று பெயர்.

இப்படி ஓர் ஊரில் வாழ்நாளைக் கழித்த 75 வயது மீனவர் ஒருவர், நினைவு தடுமாறுகிறது என்று மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுவதாகக் கொள்ளலாம். அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, ‘இன்று என்ன தேதி?’ என்பதாகவே இருக்கும். தேதி அவருக்குத் தெரியாமல் போகலாம். அடுத்த தக்கத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பிழையின்றிச் சொல்லவும் கூடும். முதல் விடைக்கு மதிப்பெண் போய்விடும். இரண்டாவது விடையை எழுதப் படிவத்தில் இடமே இராது.

அந்தக் கேள்வித்தாளின் மூலவடிவம் 1975-ல் அமெரிக்காவில் வெளியானது. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவர் உருவாக்கிய, 30 மதிப்பெண் கொண்ட சிறு சோதனை அது. ஆண்டு, பருவம், தேதி, கிழமை, மாதம் கேட்கும். மாநிலம், ஊர், மருத்துவமனை, மாடி கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும், அல்லது ‘வேர்ல்டு’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்லும். ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லும். பள்ளிக்குச் சென்றவருக்கு இவை யாவும் எளியவை. எழுதப் படிக்கத் தெரியாதவர், மூளையில் எந்தக் கோளாறும் இல்லாத நிலையிலும், பல மதிப்பெண்களை இழந்த பிறகே சோதனையைத் தொடங்குகிறார்.

கேள்வியை மாற்றிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. எவர் மாற்றுவது? மாற்றியபின் எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே நோய் என்று எவர் வரையறுப்பது? ஒரு மருத்துவரோ ஓர் உளவியலாளரோ தம் அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்யக்கூடிய வேலை அன்று இது. நூற்றுக்கணக்கான நலமான முதியவர்களிடம் கேட்டு, வயதுக்கும் கல்விக்கும் ஏற்ப நியமம் வகுத்து, அதை மற்றவர்களும் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். ஒரு துறைக்குத் தொழில்முறைச் சங்கம் தேவைப்படுவது இவ்விடத்தில்தான். மாநாடு, மலர், பொன்னாடை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

நரம்பு உளவியலுக்கு அத்தகைய சங்கம் மேலை நாட்டில் 1967-ல் முறையாக உருவானது. பன்னாட்டு நரம்பு உளவியல் சங்கம் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் அது சிறு குழுவே. அதன் முதல் ஆண்டுக் கூட்டம் நியூ ஆர்லியன்ஸில் கூடுவதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1975-ல் அமெரிக்காவில் நரம்பு உளவியலுக்கான தேசியக் கழகமும், 1980-ல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்குள் இத்துறைக்கென 40-ஆம் பிரிவும் தோன்றின. 1997-ல் ஹூஸ்டனில் கூடிய மாநாடு, நரம்பு உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் என்னென்ன படித்திருக்க வேண்டும் என்பதை வகுத்தது. சங்கத்தின் தோற்றத்துக்கும் ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்ற வரையறைக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இந்த மெத்தனத்தைக் குறை சொல்வதற்கில்லை. அளவுகோல் கைக்கு வருமுன் வேலி போட்ட துறைகள் பின்னாளில் வேலியைப் பிடுங்கி நட நேர்ந்ததுண்டு.

இந்தியாவில் மூளை பற்றிய தொழில்முறைச் சங்கத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1951-ல் அங்கு இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியவர்கள் நால்வர்: அறுவை மருத்துவர்களான ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, நரம்பியல் மருத்துவரான பல்தேவ் சிங், மூளை மின்னலைப் பதிவில் வல்லவரான எஸ்.டி. நரசிம்மன். கோட்டயத்துக்காரரான சாண்டி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1949-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியிருந்தார். நாடு முழுவதிலும் அத்துறையில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்த காலம் அது. நால்வர் கூடிச் சங்கம் என்றபோது சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

உளவியலாளர்கள் வேறு பாதையில் வந்தார்கள். பெங்களூரில் 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம், மறு ஆண்டே மருத்துவ உளவியலில் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1968-ல் இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கம் உருவானது. 1974-ல் அந்த மனநல நிறுவனம் நிமான்ஸ் ஆனது. நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் அமைந்ததால் நரம்பு உளவியல் அங்கே இயல்பாக வேர் பிடித்தது. 2004-ல் சோபினி ராவ், டி.கே. சுப்பகிருஷ்ணா, கே. கோபுகுமார் ஆகியோர் நியமங்களோடு வெளியிட்ட நிமான்ஸ் நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு, நாடெங்கும் கையேடாகப் பயன்படுகிறது. அதற்கு முன்பே, 1990-ல், சண்டிகரில் துவாரகா பெர்ஷாதும் எஸ்.கே. வர்மாவும் மூளைச் செயலிழப்புக்கான ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தனர். சோதனைகள் வந்தன, வகுப்புகள் வந்தன, பெயர்ப்பலகை மட்டும் வரவில்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ் மருத்துவ உளவியலாளர் பதிவு செய்யலாம். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பதிவு செய்யலாம். நரம்பு உளவியலாளர் என்ற தனி வகை அப்பதிவேட்டில் இல்லை.

இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்போருக்கு 2008-ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அந்த ஆண்டில் புனேயில் ஒரு கொலை வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் மூளை மின்னலைப் பதிவு சான்றாக ஏற்கப்பட்டுத் தண்டனை வழங்கப்பட்டது. ஒரு நிகழ்வைச் செய்து அனுபவித்த நினைவு மூளையில் தனித் தடயமாகத் தெரியும் என்பது அம்முறையின் வாதம். அதை வகுத்த சி.ஆர். முகுந்தன் நிமான்ஸில் நரம்பு உளவியலை வளர்த்தவர்களுள் ஒருவர். அதே ஆண்டில் நிமான்ஸ் இயக்குநர் தலைமையில் அமைந்த நிபுணர் குழு, இத்தகைய முறைகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, இவற்றைச் சான்றாகப் பயன்படுத்தலாகாது என்றது. உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் இசைவின்றி இவ்வகைச் சோதனைகளை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. நீதி ஒருவாறு வந்து சேர்ந்தது. ஆனால் இந்த அளவீடு நம்பத்தக்கதா என்பது நரம்பு உளவியலுக்குள் எழுந்து, விவாதிக்கப்பட்டு, முடிவாகியிருக்க வேண்டிய கேள்வி. அவ்வாறு முடிவு சொல்ல ஓர் அவை இல்லாத நிலையில், அது அரசு நியமித்த குழுவுக்கும் பின்னர் நீதிமன்றத்துக்கும் போனது.

மலையாள நாட்டில் இக்கதை தலைகீழாக நடந்தது. அங்கே முதலில் கூடியவர்கள் தொழில்முறையாளர்கள் அல்லர், நோயாளிகளின் வீட்டார். 1992-ல் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கத்தைத் தொடங்கிய கே. ஜேக்கப் ராய் ஒரு குழந்தை மருத்துவர். தம் தந்தையின் நோயே அவரை இப்பணியில் இறக்கியது. மருத்துவப் பட்டம் பெற்றவரே தம் வீட்டில் நடப்பதற்குப் பெயர் தெரியாமல் திகைத்த காலம் அது என்பதிலிருந்து மற்றவர்களின் நிலையை ஊகிக்கலாம். திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த அச்சங்கம், கொச்சி, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத், தில்லி என்று கிளைவிட்டது. 2010-ல் இந்தியாவில் 37 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று கணித்த ‘டிமென்ஷியா இந்தியா அறிக்கை’ அச்சங்கத்தின் உழைப்பு. பின்னர் ஜேக்கப் ராய் உலக அல்சைமர் அமைப்பின் தலைவருமானார்.

வீட்டார் சங்கம் எழுப்பிய முதற்கேள்வி மிக எளியது: எத்தனை பேர்? அதற்கு விடை சொல்ல மூளைப் படம் உதவாது. ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏற வேண்டும். எறணாகுளம் மாவட்டத்தின் திருவாணியூர் ஊராட்சியில் எஸ். ஷாஜி, ஆபிரகாம் வர்கீஸ் முதலானோர் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 1996-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. ஜேக்கப் ராயும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். மதிப்பெண் சோதனையை மலையாளத்துக்குத் தக மாற்றித்தான் அவர்கள் படியேறினார்கள். 2005-ல் அதே இதழில் கொச்சி நகரத்து ஆய்வு வந்தது. 65 வயதைக் கடந்த 1934 பேர் சோதிக்கப்பட்டனர்; ஆயிரத்துக்கு 33.6 பேருக்கு நோய் இருந்தது.

இவ்விரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில், 1998-ல், உலக அல்சைமர் அமைப்பின் ஆண்டு மாநாடு கொச்சியில் கூடியது. அங்கே பிறந்ததுதான் 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு. பெயரே குற்றச்சாட்டு: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர், அதாவது மூன்றில் இரு பங்கினர், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளிலோ 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை. லண்டன் மனநல மருத்துவ நிறுவனத்தின் மார்டின் பிரின்ஸ் இதை ஒருங்கிணைத்தார். உறுப்பினர் சந்தா, கிளைத் தேர்தல் என்று வழக்கமான சங்க இலக்கணம் எதிலும் இக்குழு அடங்காது. ஆனால் ஒரு தொழில்முறைச் சங்கம் செய்ய வேண்டிய தலையாய வேலையை அது செய்தது. பள்ளிக்குச் செல்லாதவரைத் தண்டிக்காத ஓர் அளவுகோலை, பல நாட்டு ஆய்வாளர்களும் ஒரே முறையில் பயன்படுத்தும்படி உருவாக்கியது. 2003-ல் லான்செட் இதழில் வந்த அதன் முதற்கட்ட ஆய்வில் 25 மையங்களும் 2885 முதியவர்களும் இடம்பெற்றனர்.

அந்த அளவுகோல் மூன்று பகுதிகளால் ஆனது: முதியவரிடம் கேட்கும் கேள்விகளோடு, அவரை நன்கறிந்த ஒருவரிடம் தனியாகக் கேட்கும் கேள்விகளும் கொண்ட சமூகத் திரையிடல் கருவி, பத்துச் சொற்களைக் கேட்டு நினைவுகூரும் பட்டியல், மனநல நேர்காணல். சொற்பட்டியல் சிறிய விஷயமாகத் தோன்றும். மூலப் பட்டியலில் ‘கேபின்’, ‘எஞ்சின்’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றின் இடத்தில் கல், குச்சி, புத்தகம் போன்ற எங்கும் அறிந்த பொருள்கள் வந்தன. ஒரு சொல் அறியாததாக இருந்தால் அதை மறப்பது நோயின் அறிகுறி ஆகாது. மொழியியல் மாணவர் எவருக்கும் முதற்பருவத்திலேயே விளங்கும் செய்தி இது. மருத்துவ இதழ்களுக்கு விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இதன் பயன் 2008-ல் தெரிந்தது. லான்செட்டில் வந்த மக்கள்தொகை ஆய்வில் இந்தியாவின் இரு களங்களும் தமிழ்நாட்டில் இருந்தன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். அமெரிக்க நோய்வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு சொல்லும் இலக்கணப்படி எண்ணியபோது, இந்தியக் கிராமக் களத்தில் டிமென்ஷியா 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. அதே மக்களை 10/66 அளவுகோலால் எண்ணியபோது எந்தக் களத்திலும் விழுக்காடு 5.6-க்குக் கீழே போகவில்லை. நோயாளிகள் மாறவில்லை, கேட்ட விதம் மாறியது. அமெரிக்க இலக்கணம், நினைவு குன்றியதோடு அன்றாட வாழ்க்கையும் குலைந்திருக்க வேண்டும் என்கிறது. தாத்தாவுக்குச் சோறு பிசைந்து கொடுப்பதையும், வழி தவறினால் கைப்பிடித்து அழைத்து வருவதையும் குலைவாகக் கருதாத வீட்டில், ‘அவரால் தம் வேலையைத் தாமே செய்துகொள்ள முடிகிறதா?’ என்று கேட்டால் ‘அதற்கென்ன, நாங்கள் இருக்கிறோமே’ என்ற விடைதான் வரும். அந்த அன்பு கணக்கெடுப்பில் நலமாகப் பதிவாகிவிடுகிறது. கவனித்துக்கொள்ளும் மருமகளின் முதுகு வலி எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

நோய்க்குப் பெயர் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. திருச்சூர்ப் பகுதியில் கே.எஸ். ஷாஜியும் அவருடன் பணியாற்றியவர்களும் பராமரிப்போரிடம் பேசியபோது, அவர்கள் ‘சின்னன்’ என்ற சொல்லைக் கேட்டார்கள். சிறுபிள்ளைத்தனம் என்பது அதன் பொருள். தமிழ் வீடுகளில் ‘குழந்தை மாதிரி ஆகிவிட்டார்’ என்பதும் இதே உருவகந்தான். சொல் இருக்கிறது, அது நோயைக் குறிக்கும் சொல்லாக இல்லை, வயதைக் குறிக்கும் சொல்லாக இருக்கிறது. எனவே மருத்துவரிடம் செல்லும் வழியை அது காட்டுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஷாஜி குழுவினர் நாடியது அங்கன்வாடிப் பணியாளர்களை. சிறு பயிற்சிக்குப் பின் அவர்கள் ‘இவருக்கு இருக்கலாம்’ என்று சுட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு நோய் இருப்பது மருத்துவப் பரிசோதனையில் உறுதியானது. 2002-ல் வெளியான ஆய்வு தரும் எண் 64.9 விழுக்காடு. சத்துமாவு கொடுக்க வந்தவர் திண்ணையில் கிழவியோடு பேசிக் கண்டறிந்ததன் அளவு இது.

கேள்வித்தாளை மொழிபெயர்ப்பது ஒரு வேலை. மொழிக்குள் மீண்டும் பிறப்பிப்பது மற்றொரு வேலை. 1995-ல் மேரி கங்குலியும் அவர் குழுவினரும் அரியானாவின் பல்லப்கர்ப் பகுதி முதியவர்களுக்காக உருவாக்கிய இந்தி வடிவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழித்தல் கணக்குக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, ‘நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்று தாமே கண்ணை மூடிக் காட்டினார்கள்.

கேரளத்தில் இப்பணியைச் செய்தவருள் பி.எஸ். மதுரநாத் குறிப்பிடத்தக்கவர். கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைப் பெயரால் வழங்கும் அறிதிறன் சோதனை 2000-ல் வெளியானபோது அதன் முதல் ஆசிரியர் அவர்தான். ஆங்கிலத்தில் தாம் பங்கேற்று உருவாக்கிய கருவியை, திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்திலிருந்து 2004-ல் மலையாளத்துக்கு ஏற்ப மாற்றியவரும் அவரே. ஊர் திரும்பும் ஆய்வாளர் தம் கருவியைத் தாமே பிரித்துப் பார்க்க நேர்வது அரிதாகக் கிட்டும் பேறு.

பிரித்துப் பார்த்தால் என்னென்ன வெளிவரும் என்பதற்கு ஓர் எழுத்தே போதும். ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடிகிறது என்று கேட்பது வழக்கமான சோதனை. மலையாளத்தில் இவ்வரிசை ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் நான்கு. தமிழில் பகரம் ஒன்றே. தமிழ்ப் பள்ளியில் படித்தவர் ‘பால், பழம்’ என்று தொடங்கி ‘பயம், பஸ்’ என்று போகலாம். எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. அவருக்குக் களம் பெரிது. மலையாளப் பள்ளியில் படித்தவர் அவற்றில் சிலவற்றை வேறு எழுத்துக்கு உரியவை என்று தாமே விலக்கிவிடுவார். இனி, ‘பால்காரர், பால்சோறு, பால்குடம்’ என்று ஒருவர் தொகைச்சொற்களாக அடுக்கினால் அவற்றை எத்தனை என்று எண்ணுவது? ஆங்கில விதி, ஒரே வேரின் திரிபுகளை எண்ணக்கூடாது என்கிறது. தொகையே இயல்பான மொழிக்கு அவ்விதி பொருந்துமா என்பது மொழியியல் கேள்வி. ‘உலகம்’ என்பதைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் நிலைமை இன்னும் வேடிக்கை. தமிழில் எச்சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் அறிந்த செய்தி. தலைகீழாக்கிய சொல்லோ மகர மெய்யில் தொடங்கும். முதியவர் திணறுவது கவனக் குறைவாலா, தம் மொழியின் ஒழுங்கு அவரைத் தடுப்பதாலா?

எழுத்தறியாதவருக்கு இந்தச் சோதனையே பொருளற்றது. விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்வது அவர்களுக்குப் பொருந்தும் என்பர். கும்பளங்கியில் விலங்குகளைக் காட்டிலும் மீன்களைக் கேட்பது நியாயம்: கரிமீன், திருதா, கணம்பு, பூமீன் என்று பட்டியல் நீளும். ஆனால் மீனைக் கேட்டால் காயலோரத்தவருக்கு மிகை மதிப்பெண் கிட்டும். இடுக்கியின் தேயிலைத் தோட்டத்தவரோடு அவரை ஒப்பிட இயலாது. ஊருக்கு நியாயமாக இருப்பதும் எல்லா ஊருக்கும் பொதுவாக இருப்பதும் ஒன்றோடொன்று இழுபறி செய்பவை. இந்த இழுபறியை ஓர் ஆய்வாளர் தனியே தீர்க்க முடியாது; பலர் கூடி, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தன் நரம்பு அறிதிறன் கருவித்தொகுப்பின் மூலம் செய்ய முனைந்தது இதைத்தான். நிமான்ஸின் சுவர்ணா அல்லாடி முதலானோர், ஐதராபாத், தில்லி, கொல்கத்தா, திருவனந்தபுரம் என்று பல நகரத்து மையங்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரே சோதனைத் தொகுப்பை ஐந்து மொழிகளில் ஒப்பிடத்தக்கதாக உருவாக்கினர். அதன் வடிவமைப்பு 2020-ல் பன்னாட்டு நரம்பு உளவியல் சங்கத்தின் இதழில் வெளியானது. 1967-ல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய சங்கத்தின் இதழில், எழுத்தறியாத இந்திய முதியவர்கள் அளவையியலின் மையப் பொருளானார்கள். இந்தியாவில் நரம்பு உளவியலாளர்களுக்கு வலுவான தனிச்சங்கம் உருவாகுமுன்னரே, அச்சங்கம் வகுக்க வேண்டிய பொது அளவுகோல் உருவாகிவிட்டது என்று இதைக் கொள்ளலாம். நடைமுறையில் சங்கம் என்பது இந்த இசைவுதான். பதிவுச் சான்றிதழ் மெல்ல வரட்டும்.

சுவர்ணா அல்லாடியின் பெயர் மொழியியல் மாணவர்களுக்கு வேறொரு காரணத்தால் பழக்கமானது. 2013-ல் அவர் ஐதராபாத்திலிருந்து வெளியிட்ட ஆய்வில் டிமென்ஷியா நோயாளிகள் 648 பேர். அவர்களில் 391 பேர் இருமொழியாளர். ஒருமொழியாளரைவிட இருமொழியாளருக்கு நோய் ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவரிடையிலும் இவ்வேறுபாடு இருந்தது. மேலை நாட்டு ஆய்வுகளில் இருமொழியாளர் பெரும்பாலும் குடியேறியவராக இருப்பதால், விளைவு மொழியாலா குடிபெயர்வாலா என்ற ஐயம் எப்போதும் இருக்கும். பிறந்த ஊரிலேயே இரண்டு மூன்று மொழி பேசி வளரும் ஐதராபாத்துக்காரர்கள் அந்த ஐயத்தைக் குறைத்தார்கள்.

அப்படியானால் மட்டாஞ்சேரியில் என்ன தெரியும்? கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தெலுங்கு என்று தெருவுக்கொரு மொழி வீட்டுக்குள்ளும், மலையாளம் வீட்டுக்கு வெளியிலும் வழங்கும் இடம் அது. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சித் தோபிகானாவில், டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் இன்றும் துணி வெளுக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. 1976-ல் கட்டப்பட்ட அந்தத் துறையை வண்ணார் சங்கமே நடத்தி வருகிறது. எந்தத் தொட்டி யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. அங்கே வெளுத்து மூப்படைந்த ஒருவர் வீட்டில் தமிழ் பேசுவார். கடையில் மலையாளம் பேசுவார். தமிழ் எழுத்து அறியாமலும் இருக்கலாம். அவர் துணியை மாற்றிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார் என்று மகள் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். எந்த மொழியில் சோதிப்பது? மலையாளத்தில் சோதித்தால் வீட்டுச் சொற்கள் விடுபடும். தமிழில் சோதிக்கலாம் என்றால், குழுமத்தின் கருவித்தொகுப்பு வெளிவந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம்.

அப்பட்டியலில் தமிழ் இல்லை. கொங்கணியும் இல்லை என்பதை அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். தமிழுக்கு மட்டும் இழைக்கப்பட்ட குறையாக இதைப் பேசுவது மட்டாஞ்சேரிக்கு நியாயமாகாது. ஆயினும் தமிழின் நிலை சற்று விசித்திரமானது. 10/66 குழுவின் இந்தியக் களங்கள் இரண்டும் தமிழ் பேசும் களங்கள். தமிழில் திரையிடல் கருவி இருக்கிறது. படிக்காதவரிடமும் செல்லுபடியாகும் சொற்பட்டியல் இருக்கிறது. வேலூரிலும் சென்னையிலும் அவற்றைக் கையாண்ட பட்டறிவு இருக்கிறது. திண்ணையில் கேட்கும் கேள்வி தமிழில் ஆயத்தமாகிவிட்டது. மருத்துவமனையில் கேட்கும் கேள்வி, அதாவது எந்த வகை டிமென்ஷியா, மொழி முதலில் தேய்கிறதா நினைவு முதலில் தேய்கிறதா என்று பிரித்தறியும் விரிவான தொகுப்பு, பிற மொழிகளோடு ஒப்பிடத்தக்க வகையில் இன்னும் ஆயத்தமாக வேண்டியிருக்கிறது.

இது உளவியலாளர்கள் மட்டும் செய்து முடிக்கும் வேலை அன்று. படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனைக்கு எந்தெந்தச் சொற்கள் எவ்வளவு வழக்கில் உள்ளன என்ற கணக்கு வேண்டும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைப்பட்ட தூரம் மதிப்பெண்ணைத் தின்னாமல் பார்க்க வேண்டும். வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும் சோதனையில் எந்த வட்டார வினைமுடிவைக் கொள்வது என்று தீர்மானிக்க வேண்டும். மொழியியல் துறைகளில் தொகைநிலை பற்றியும் இரட்டைவழக்கு பற்றியும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு நினைவாற்றல் மருத்துவப் பிரிவின் படியேறியிருப்பார்கள் என்பது வேறு கதை.

2017-க்கும் 2020-க்கும் இடையில் நடந்த தேசிய முதியோர் ஆய்வின் அடிப்படையில், 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் மதிப்பிட்டனர். தோபிகானாவின் அந்தத் தந்தையும் கும்பளங்கி மீனவரும் இக்கூட்டத்தில் உண்டா என்பதை அறிய, அவர்களுக்குப் பழகிய சொற்களில் யாரேனும் கேட்டாக வேண்டும். மகள் வாசலில் காத்திருக்கிறார். உள்ளே இருப்பவர் மலையாளப் படிவத்தை எடுத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் வாய்மொழியாகப் பெயர்த்து, முதற்கேள்வியைத் தொடங்குகிறார்.